கறுப்புச் சீட்டு

போன வருசம் எனக்கு மஞ்சள் சீட்டு,
கால் ஒடிஞ்சதாக் கணக்கு.
இந்தத் தடவை தீயணைப்புப் பையன்
மணிக்கட்டுல கறுப்பைக் கட்டிட்டு
"மன்னிச்சிருங்க அக்கா"ன்னான்.
கட்டு மக்களே, கட்டு.
செத்துக் கெடந்தா இன்னைக்கு ஒரு நாளாவது
மீன்சட்டி கழுவ வேண்டாம்.

குளச்சலுக்கும் மண்டைக்காட்டுக்கும் நடுவே
வலை உணக்குற மணல்ல
ஏழாம் நம்பர் சடலம் நான்.
மைக்குல ஒருத்தன் சொல்லுறான்:
சுமத்ரா பக்கம் கடலடியில் பெரிய நிலநடுக்கம்,
இது ஒத்திகை, இது ஒத்திகை.
ரெண்டாந்தரம் சொல்லும்போது அவனுக்கே கொட்டாவி.

பத்து மணிக்கு ஊதணும் சைரன்.
பத்தரை ஆச்சு.
உப்பு தின்ன வயரை
கம்பத்துல ஏறி நின்னு ஒருத்தன் ஏசுறான்.
கடைசியில கோயில் மணிதான்.

மணி ஒண்ணொண்ணா விழுந்தா சாவு,
சேர்ந்து விழுந்தா திருநாள்.
அதனால நாலு கூட்டம், ரெண்டு சண்டை,
ஒரு கொமராளியோட சட்டைக் கிழிசலுக்குப் பொறவு
மும்மூணா அடிக்கிறதுன்னு முடிவாச்சு.
கோயில்பிள்ளை ததேயுஸுக்குக் கை பழகலை.
ஒண்ணொண்ணாவே அடிக்கான்.
வெளிய வந்த சனம் கேக்குது:
"ஆரு செத்தது?"
நான்தான்னு சொல்லலாம்.
சொல்லக் கூடாது.

தலைக்கு மேல ஒரு பலகை:
'தரை அதிர்ந்தால் மேட்டுக்கு ஓடுங்கள்.'

அன்னைக்குத் தரை அதிரலையே.
அதிர்ந்தது வேற தேசத்துத் தரை.
எனக்கு அடுக்களையில
கஞ்சிப்பானை மூடிகூட அசையலை.
கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிறு,
மிச்ச இறைச்சியைச் சுட வச்சிட்டிருந்தேன்.
கடல் உள்வாங்கிச்சு.
பொறந்ததுலேர்ந்து நாங்க பார்க்காத ஒரு பாறை
பாசியோட வெளிய நின்னுது.
அதைப் பார்க்கப் போனாரு அவரு,
வாயில பேஸ்ட் நுரையோட.

இதை எந்தப் பலகையில எழுதுவாங்க?

கண்ணை மூடிக் கெடந்தா காது திறக்கும்.
செருப்புச் சத்தம். பிள்ளைகள் சிரிப்பு.
கிளாரம்மா பூட்டின கதவைத் திறந்து
ரேஷன் கார்டுக்காகத் திரும்ப உள்ள போறா.
மரியலூயிஸ் வள்ளத்து எஞ்சினைக் கழத்துறான்,
ஒத்திகைன்னு தெரிஞ்சும் கழத்துறான்.
கடன் அப்படி.

பொறவு எல்லாச் செருப்பும் ஒரே இடத்துல நின்னுது.
அம்புக்குறி காட்டுன வடக்கேதான் போனாங்க.
அங்க ஐஸ் கம்பெனி கேட்டு.
கேட்டுல பூட்டு.
பூட்டுக்கு அந்தப் பக்கம்தான் மேடு.
சானலைச் சுத்திப் போனா பதினாலு நிமிசம்,
எனக்கிருக்கிற முட்டுவலிக்கு இருபது.

எழும்பி உக்காந்தேன்.
தாசில்தார் நோட்டுலேர்ந்து தலையைத் தூக்கி,
"அம்மா, நீங்க இறந்தவங்க, பேசக் கூடாது."
"சாரே, செத்தவங்க இல்லைன்னா
இந்தப் பலகையே இங்க வந்திருக்காது.
கேட்டை எழுதும்."

எழுதினார்.
எழுதினது ஆபீசுல மூணு மாசம் உறங்கிச்சு.
ரெண்டு மனு, ஒரு மறியல்,
கேட்டுக்கு முன்னால கொட்டின ஒரு கூடை அழுகின சாளை
(கொட்டினது ஆருன்னு எனக்குத் தெரியாது),
அப்புறம் வந்தது சாவி.
ஒண்ணு கோயில்ல, ஒண்ணு எங்கிட்ட.
ரெஜிஸ்டர்ல என் பேரு:
வியாகுலமேரி, பொறுப்பாளர்.
கையெழுத்துப் போடும்போது
எழுத்து ஒண்ணு கோட்டுக்கு வெளிய போச்சு.

கறுப்புச் சீட்டுல கட்டியிருந்த நூலு
நல்ல உறுதி. எறியல.
அதுலயே சாவியைக் கோத்து
கதவுக்குப் பொறத்தால மாட்டியிருக்கேன்.
ஞாயிறு பூசை முடிஞ்சதும் போயி
பூட்டுக்கு ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் விடுவேன்.
வாட்ச்மேன் சிரிப்பான்.
"இன்னைக்கு எங்கயாச்சும் குலுங்கிச்சா, யக்கா?"

எங்கயோ குலுங்கிட்டுதான் இருக்கும்.
நமக்கு வந்து சொல்லாது.

சாவியைத் திருப்புறேன்.
திறக்குது.
மறுபடி பூட்டிட்டு வாறேன்.